ரிங் ஏறினால் வண்டி இறங்கும்

ஏத்து, இறக்கு என்ற இரண்டு வார்த்தைகளையும் ஒரே மூச்சில் யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். துணிக்கடை லிஃப்ட்டில்கூட என் மனைவி கலாவைத்தான் பட்டனை அமுக்கச் சொல்வேன். ("சரியாத்தான் அமுக்கியிருக்கேன், பயப்படாம வாங்க" என்று சத்தமாகச் சொல்வாள். கூட நிற்பவர்கள் என்னைப் பாவமாகப் பார்ப்பார்கள்.) இது பிறவிக் கோளாறு இல்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால், என் தங்கை மகள் யாழினியின் காதுகுத்து அன்றைக்கு, பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற ரோட்டில் நானே தேடிக்கொண்டது.

எனக்கு பெரம்பலூரில் ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடை. அதோடு இருந்திருக்கலாம். எறையூரில் ஒரு கரும்பு விவசாயியின் கொட்டகைக்குப் பின்னால், கோழிகள் குடியிருந்த ஒரு பழைய வேனைப் பார்த்துவிட்டேன். தட்டை மூஞ்சி, உருண்டைக் கண் மாதிரி ரெண்டு லைட்டு. என்னைவிட மூணு வயசு மூத்த வண்டி. கோழிகளைச் சமாதானப்படுத்தி வாங்கி வந்து, பச்சையும் வெள்ளையுமாகப் பெயின்ட் அடித்தேன். அப்போதும் சும்மா இருந்திருக்கலாம். செல்போனில் வெளிநாட்டு வேன் படங்களைப் பார்க்க ஆரம்பித்தேன். அங்கே பழைய வேன் வைத்திருப்பவர்கள் எல்லாரும் முன்பக்கத்தை இறக்கி, தரையை முத்தமிடுவது போல நிறுத்தியிருந்தார்கள். என் வேன் மட்டும் கொக்கு மாதிரி காலை நீட்டி நிற்பதாக எனக்குத் தோன்றிவிட்டது.

முன் சஸ்பென்ஷனையே மாற்றுவது என்று முடிவு செய்தேன். உயரத்தைத் திருகிக் கூட்டவும் குறைக்கவும் முடிகிற மாதிரி ஒரு ஜோடி, கோயம்புத்தூரிலிருந்து பார்சலில் வந்தது. பிரித்துப் பார்த்த மெக்கானிக் காதர் பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எதுக்கு தம்பி இது?"

"வண்டி முன்னால இறங்கி நிக்கணும் பாய். நாலு விரக்கடை."

"இறங்கினா என்ன ஆவும்?"

"அழகா இருக்கும்."

"யா அல்லா! அழகுக்கா?" என்று கேட்டுவிட்டு, கடை வாசலில் இருந்த ரோட்டை எட்டிப் பார்த்தார். "இந்த ரோட்டுலயா?"

இருந்தாலும் மனுஷன் இரண்டு நாள் உழைத்து மாட்டிக்கொடுத்தார். ஸ்பிரிங்குக்கு மேலே ஒரு மரை. மரையில் ஒரு ரிங். கொக்கி மாதிரி வளைந்த ஸ்பேனரைப் போட்டு ரிங்கைக் கீழே இறக்கினால் அது ஸ்பிரிங்கை அழுத்தும், வண்டி மேலே ஏறும். ரிங்கை மேலே ஏத்தினால் வண்டி கீழே இறங்கும். பாய் இதை ஓதுவது மாதிரி மூணு தடவை சொன்னார். "ரிங் ஏறினா வண்டி இறங்கும். ரிங் இறங்கினா வண்டி ஏறும். புரிஞ்சுதா தம்பி?" நான் வெளிநாட்டுப் படங்களை நினைத்துக்கொண்டே தலையாட்டினேன்.

ரெண்டு விரக்கடைதான் இறக்கியிருந்தார். ரஞ்சன்குடிக் கோட்டை முன்னால் நிறுத்திப் படம் எடுத்துப் பார்த்தேன். போதாது. வெள்ளிக்கிழமை பாய் ஜும்மாவுக்குப் போன நேரமாகப் பார்த்து, அவர் கடையிலேயே ஸ்பேனரை எடுத்து மிச்ச ரெண்டு விரக்கடையை நானே இறக்கிவிட்டேன். எந்தப் பக்கம் திருப்பினேன் என்று கவனிக்கவில்லை. வண்டி இறங்கிய அழகைத்தான் கவனித்தேன். ஸ்பேனரையும் வேனிலேயே போட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. என் தங்கை செல்வியின் புகுந்த வீட்டுக் குலதெய்வக் கோயில், அரியலூர் தாண்டி உள்ளே இருக்கிறது. ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் குத்திவிட வேண்டும். தாய்மாமன் மடியில்தான் பிள்ளையை உட்காரவைக்க வேண்டும். கூடப் பிறந்த அண்ணன் நான் ஒருத்தன்தான் என்றாலும், சித்தப்பா மகன் குமரேசன் என்று ஒருவன் இருக்கிறான். முறைப்படி அவனும் மாமன்தான். அவனுக்கும் மடி இருக்கிறது. அதனால் நான் முந்திக்கொண்டு, 'தாய்மாமன் சேகரின் சீர்வரிசை' என்று பத்தடிக்கு ஃப்ளெக்ஸ் அடித்து, முந்தின நாளே கோயில் வாசலில் கட்டச் சொல்லிவிட்டேன். அதில் குழந்தை படம் ஒரு சாண். வேன் படம் ஆறடி.

காலை ஏழரைக்குக் கிளம்பினோம். கலா, பெரியம்மா, இன்னும் சொந்தக்காரர்கள் ஒன்பது பேர், சீர்தட்டு பதினொன்று. டவுனைத் தாண்டி முதல் ஸ்பீடு பிரேக்கர் வந்தது.

கர்ர்ர்ர்க்.

"ஏன்டா சேகரு, அடியில யாரோ தேங்கா துருவுறாங்க" என்றார் பெரியம்மா.

"அது அப்படித்தான் பெரியம்மா. புது செட்டிங்."

இரண்டாவதில் துருவல் இன்னும் பலமாக இருந்தது. மூன்றாவது, ஊர்க்காரர்களே ஜல்லியைக் கொட்டிப் போட்டது. அதைப் பார்த்ததும் வண்டியை நிறுத்திவிட்டு, "எல்லாரும் கொஞ்சம் இறங்கிக்கிறீங்களா?" என்றேன். பாரம் குறைந்ததும் வண்டி உயிர் பிழைத்துத் தாண்டியது. எல்லாரும் நடந்து வந்து ஏறினார்கள். அடுத்த ஊரிலும் அப்படியே. பட்டுப்புடவையும் வேட்டியுமாகப் பதினோரு பேர் வரிசையாக இறங்கி, ஸ்பீடு பிரேக்கரைப் பயபக்தியோடு தாண்டி, மறுபடியும் ஏறுவதைப் பார்த்த டீக்கடைக்காரர் கேட்டேவிட்டார்:

"என்னண்ணே, வேண்டுதலா?"

"ஆமாங்க" என்றாள் கலா. "எங்க வூட்டுக்காரரு வேண்டிக்கிட்டாரு. நாங்க நிறைவேத்துறோம்."

பின்னால் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசை கட்டி ஹாரன் அடித்தன. மணி ஒன்பது. செல்வி போன் செய்தாள்.

"அண்ணா, எங்க இருக்க? ஆசாரி வந்துட்டாரு."

"வந்துட்டேன்மா, வந்துக்கிட்டே இருக்கேன்."

"குமரேசன் அண்ணன் எட்டு மணிக்கே பைக்ல வந்துட்டாரு. பட்டு வேட்டி கட்டிக்கிட்டு வந்திருக்காரு."

பட்டு வேட்டி! அந்த இடத்தில்தான் என் மூளை வேலையை ராஜினாமா செய்தது. வண்டியை ஓரங்கட்டி, ஜாக்கி போட்டு முன்பக்கத்தைத் தூக்கி, ஸ்பேனரோடு அடியில் படுத்தேன். ரிங் இருந்தது. மரை இருந்தது. எந்தப் பக்கம் என்பதுதான் இல்லை. பாய்க்குப் போன் போட்டேன்.

"பாய், வண்டியை ஏத்தணும்!"

"ரிங்கை இற..." என்று அவர் ஆரம்பிக்கும்போது ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"எதை? ஏத்தவா?"

"ஆமா தம்பி, ஏறும், ஏறும்!"

வண்டி ஏறும் என்றுதான் அவர் சொன்னார். இன்று நிதானமாக யோசித்தால் குழந்தைக்கே புரியும். அன்று நான் இடது பக்க ரிங்கை ஏத்தினேன். ரெண்டு சுத்து. ஏத்தி முடித்ததும் ஒரு சந்தேகம் வந்தது. (எனக்கு எப்போதுமே வேலை முடிந்த பிறகுதான் சந்தேகம் வரும்.) பாய் ரிங்கைச் சொன்னாரா, வண்டியைச் சொன்னாரா? மறுபடி போன் போட்டால் லைன் கிடைக்கவில்லை. அப்போது நான் எடுத்த முடிவை எங்கள் வீட்டில் இன்றுவரை யாராலும் ஜீரணிக்க முடியவில்லை. எதுக்கும் இருக்கட்டும் என்று, வலது பக்க ரிங்கை ரெண்டு சுத்து இறக்கினேன். ரெண்டில் ஒண்ணாவது சரியாக இருக்குமே!

இருந்தது. ஒண்ணு சரியாகத்தான் இருந்தது. ஜாக்கியை எடுத்ததும் வண்டி வலது தோளைத் தூக்கி, இடது தோளைச் சாய்த்து, யாரிடமோ ரகசியம் கேட்பது போல நின்றது. உள்ளே ஏறியவர்கள் எல்லாரும் இடது ஓரமாகச் சரிந்தார்கள். கலா மடியில் பெரியம்மா. பெரியம்மா மடியில் பலாப்பழம்.

"ஏங்க, இது ஏத்தின வண்டியா, இறக்கின வண்டியா?" என்று அடியிலிருந்து கலாவின் குரல் வந்தது.

"ரெண்டும்" என்றேன்.

அப்படியே நத்தை மாதிரி அரியலூரைத் தாண்டினோம். கோயிலுக்குத் திரும்புகிற இடத்தில் கடைசியாக ஒரு ஸ்பீடு பிரேக்கர். மணி பத்து. இறக்கி ஏத்த நேரமில்லை என்று எல்லாரையும் வைத்துக்கொண்டே ஏற்றினேன். முன் சக்கரம் தாண்டியது. அதற்கப்புறம் வண்டியின் வயிறு மேட்டில் உட்கார்ந்துகொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. போன் அடித்தது.

"அண்ணா, எங்கதான் இருக்க?"

"வந்துட்டேன் செல்வி. ஸ்பீடு பிரேக்கர் மேல இருக்கேன்."

"மேலன்னா?"

"மேலதாம்மா. உக்காந்திருக்கேன்."

அவள் அழுகிற குரலில் சொன்னாள். "பத்தரைக்கு மேல முடியாதுங்கறாங்க அண்ணா. குமரேசன் அண்ணன் மடியில உக்கார வெச்சிடவா? நீயே சொல்லு."

மறுபடியும் ஸ்பேனரோடு அடியில் நுழையப் பார்த்தேன். கலா என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, கையில் ஒரு தட்டைத் திணித்தாள். "திருகினது போதும். நடங்க!"

பதினோரு தட்டோடு ஓட்டமும் நடையுமாகப் போனோம். கோயிலில் இருந்தவர்கள் தூரத்திலேயே பார்த்துவிட்டு மேளக்காரரை எதிரே அனுப்பிவிட்டார்கள். "இந்தக் காலத்துல யாருங்க இப்படி நடந்து சீர் கொண்டு வராங்க!" என்று ஒருவர் நெகிழ்ந்துபோய்ச் சொன்னார். நான் மூச்சு வாங்கிக்கொண்டே, "ஒரு முறைன்னு இருக்குல்லங்க" என்றேன். (கலா என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது.)

உள்ளே குமரேசன் மணையில் உட்கார்ந்திருந்தான். மடியில் யாழினி. ஆசாரி காதைத் தொட்டு அளவு பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன். மேளமும் சேர்ந்து நின்றுவிட்டது.

குமரேசன் நல்லவன். சிரித்துக்கொண்டே எழுந்தான். "வாண்ணே, உக்காரு. சீட்டு சூடாத்தான் இருக்கு."

யாழினி என் மடிக்கு வந்தாள். என் கன்னத்து கிரீஸைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தன் கன்னத்திலும் பூசிக்கொண்டாள். மணி பத்து இருபது. ஆசாரி வலது காதைக் குத்தி முடித்தார். அவள் அழுதாள், நானும் அழுதேன். "மாமன் கொண்டாந்த கம்மலைக் குடுங்க" என்று கேட்டுக்கொண்டே அவர் இடது காதுக்கு வந்தார். செல்வியின் மாமியார் நான் கொண்டுவந்த தட்டில் மூடியிருந்த பட்டுத்துணியை விலக்கினார். வெற்றிலை, வாழைப்பழம், பட்டுப்பாவாடை. பாவாடைக்கு மேல், நடுநாயகமாக, ஓடிவந்த அவசரத்தில் நானே செருகிவைத்த அந்தக் கொக்கி ஸ்பேனர், கிரீஸ் சொட்டச் சொட்ட.

அந்த அம்மா அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, நிஜமான மரியாதையோடு கேட்டார்: "இது காது குத்துறதுக்காங்க, கழட்டுறதுக்காங்க?"

கோயிலே சிரித்தது. குமரேசன் தரையில் உட்கார்ந்துவிட்டான். நானும் சிரித்ததில் என் தொடை டீசல் இன்ஜின் மாதிரி குலுங்கியது. ஆசாரியும் சிரித்துக்கொண்டேதான் குத்தினார்.

மத்தியானம் காதர் பாய் பஸ் ஏறி வந்து, கால் மணி நேரத்தில் இரண்டு பக்கத்தையும் சரிசெய்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. ஸ்பேனரை மட்டும் தன் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். வேன் இப்போது கொக்கு மாதிரி உயரமாக, மானமாக நிற்கிறது. ஆனால் யாழினியின் இடது காதுத் துளையை எந்தப் பாயாலும் சரிசெய்ய முடியவில்லை. வலது காதைவிட ஒரு நூல் மேலே. ஜிமிக்கி போட்டால் நன்றாகவே தெரியும். அவளுக்கு இப்போது எட்டு வயசு. பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால், "எங்க மாமா ஒரு பக்கம் ஏத்தி, ஒரு பக்கம் இறக்கிட்டாரு" என்று பெருமையாகச் சொல்கிறாளாம்.

போன மாதம் அவள் தம்பிக்குக் காதுகுத்து வந்தது. செல்வி என் கடையிலேயே ஃப்ளெக்ஸுக்குச் சொல்லிவிட்டு, வாசகத்தையும் அவளே எழுதி அனுப்பினாள்: 'தாய்மாமன் சேகர் (பஸ்ஸில் வருகிறார்).' என் தலையெழுத்து, நானே டைப் அடித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாழினி கம்ப்யூட்டர் திரையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"மாமா, 'பஸ்ஸில் வருகிறார்' கோணலா இருக்கு. இடது பக்கம் ஒரு சுத்து ஏத்துங்க."

உள்ளங்கை வேர்த்தது. ஏத்தினேன். இறங்கிவிட்டது.