தட்டை அடியா, கூர் அடியா

கச்சிராயபாளையம்,
21.9.1987

மதிப்பிற்குரிய மச்சான் கந்தசாமி அவர்களுக்கு, அரங்கநாதன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் தங்கையும் மகள் மணிமொழியும் சுகம். கடலூரில் நீங்களும் உங்கள் படகுப் பட்டறையும் அவ்விதமே இருக்க வேண்டும். இடஒதுக்கீட்டு மறியலுக்காக ரோடெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். இந்தக் கடிதம் எப்போது வந்து சேருமோ!

ஓட்டிப் பார்க்க நீங்கள் லாரியில் அனுப்பிய இரண்டு படகுகளும், அடிப்பாகம் தட்டையானதும் கூரானதும், கோமுகி அணையில் கிடக்கின்றன. மீன் பிடிக்கவும் வாத்து சுடவும் ஒன்று போதும் என்பதில் எனக்கும் கூட்டாளி பஷீர் அகமதுக்கும் தகராறு இல்லை, எது என்பதில்தான். "தட்டை அடி காத்தடிச்சா தாம்பாளம் மாதிரி சுத்திக்கினு கெடக்குங்க. கூர் அடிதான் தண்ணியக் கிழிச்சிக்கினு போவும்" என்கிறார் பஷீர். கயிற்றுக்கடைக்காரருக்கு வேட்டையைப் பற்றி என்ன தெரியும்? அவர் பேச்சைக் கேட்டுக் கூர் அடியில் ஏறி, வாத்துக்குக் குறி பார்த்து எழுந்து நின்றேன். படகு சாய்ந்தது, நானும் துப்பாக்கியும் தண்ணீரில். வாத்துகள் பறக்கக்கூட இல்லை மச்சான், அவமானம்!

இந்த நிலைமையில்தான் நேற்று மணிமொழியைப் பெண் பார்க்க அணையின் அக்கரையிலிருந்து மாப்பிள்ளை சின்னதுரையும் அவர் பெற்றோரும் வருவதாக இருந்தது. ரோட்டில் மரம். விடுவேனா? தட்டை அடியை எடுத்துப் போய் மூவரையும் உட்கார வைத்தேன். கட்டில் போல அசையாமல் வந்தது. பாதி அணையில் மலைக்காற்று இறங்கியது பாருங்கள், படகு குறுக்கே திரும்பிக் கருங்கல் கரையில் மோதப் போகிறது. நான் துடுப்புப் போடப் போட அது சுற்றுகிறது. "இன்னாங்க, உங்க வூடு அந்தப் பக்கம் போவுது?" என்று சம்பந்தியம்மா அலறுகிறார். அவர் வீட்டுக்காரர் எழுந்தே விட்டார்.

அப்போது பட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கூர் அடியில் பஷீரோடு வந்தாள் மணிமொழி. துடுப்பு அவள் கையில். "யோவ் பெரியவரே, குந்துய்யா கீழ!" என்று ஒரு அதட்டு. பஷீர் கயிற்றை வீச, இழுத்துக் கரை சேர்த்தார்கள். எனக்கு உயிர் வந்தது, ஆனால் சம்பந்தம் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

சம்பந்தியம்மா மூச்சு வாங்கிக்கொண்டு, "பொண்ண எப்பங்க காட்டுவீங்க?" என்றார்.

"இப்ப அதட்டுச்சே, அதாங்க பொண்ணு" என்றார் பஷீர்.

அந்தம்மா தன் வீட்டுக்காரரைப் பார்த்தார். "முப்பது வருசமா நான் சொல்லி இவுரு குந்தினதில்ல. இந்தப் பொண்ணுதான் எங்களுக்கு வேணும்" என்றுவிட்டார்.

ஆகவே மச்சான், தவறு காற்றினுடையது, படகினுடையது அல்ல. தட்டை அடியே உறுதி. இதில் மாற்றமில்லை. குழந்தைகளுக்கு என் ஆசிகள். அக்காவுக்கு என் வணக்கம்.

தங்கள் அன்புள்ள,
அரங்கநாதன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் சம்பந்தி வந்து, மருமகள் போகவர வேண்டுமென்று கூர் அடியைத் தன் கரைக்கு ஓட்டிப் போய்விட்டார். மணிமொழி கரையில் நின்று சிரிக்கிறாள். தட்டை அடியில் ஏற இங்கு ஒருவரும் தயாரில்லை, உங்கள் தங்கை உட்பட. எனவே இன்னொரு கூர் அடியே அனுப்பவும். நான் தட்டை அடி கேட்டும் நீங்களாகத் தப்பாக அனுப்பிவிட்டதாகப் பஷீருக்குத் தனியே ஒரு கார்டு போடவும்.