பினாங்கு டெய்லர் ஊசி போட்டுக்கொண்ட கதை

எழுத வந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் எட்டாவது வரை படித்தவன். ஆலங்குடிக் கடைத்தெருவில் வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். நாலு பேர் நிற்கிற இடத்தில் வாயைத் திறக்கவே கூச்சப்படுகிறவன் பத்திரிகைக்கு எழுதலாமா என்று எனக்கே சந்தேகம்தான். ஆனால் போன வாரம் எங்கள் தெருவுக்குக் காலரா ஊசி போட வந்தார்கள். எல்லோரும் சட்டைக் கையை மடித்துவிட்டு வரிசையில் நின்றார்கள். ஒருவரும் ஓடவில்லை, ஒருவரும் ஒளியவில்லை, ஒரு கூச்சல் கிடையாது. சாமி கும்பிடப் போகிறவர்கள் மாதிரி போய் வந்தார்கள். எனக்கு மனசே சரியில்லாமல் போய்விட்டது. இப்படியா ஊசி போட்டுக்கொள்வது? பினாங்கு டெய்லர் இருந்த தெருவா இது?

ஊசியால் பிழைத்துக்கொண்டே ஊசிக்குப் பயந்து செத்துக்கொண்டிருந்தவர் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான் இருக்க முடியும். என் கடைக்கு அடுத்த கடைதான் அவருடையது. காலையில் கடை திறந்ததும் உதட்டோரத்தில் ஒரு ஊசியைக் கவ்விக்கொள்வார். அதோடுதான் பேச்சு, அதோடுதான் சிரிப்பு, அதோடுதான் தும்மல். டீ குடிக்கும்போது மட்டும் எடுத்துச் சட்டைக் காலரில் குத்திக்கொள்வார். ஆனால் சர்க்கார் ஊசி என்று யாராவது பேச்செடுத்தால் போதும், தையல் மெஷின் மிதியில் இருந்த கால் அப்படியே நின்றுவிடும்.

“ஏன் மாமா, நாள் பூரா ஊசியோடதானே இருக்கீங்க?” என்று ஒருநாள் கேட்டேன். நான் ராவுத்தர் வீட்டுப் பிள்ளை. அவர் வேறு ஜாதி, வேறு சாமி. ஆனாலும் எங்கள் பக்கத்தில் மாமன், மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம்.

“ஊசியை நான் புடிச்சிருக்கணும் மாப்ளே. அப்பத்தான் அது எங்கிட்டுப் போகும்னு எனக்குத் தெரியும். இன்னொருத்தன் புடிச்சா? அவன் புத்தி எங்கிட்டுப் போகுதோ, ஊசியும் அங்கிட்டுல்ல போகும்!”

அவர் பினாங்குக்குப் போனவர் அல்ல. கடைப் பலகையில் ‘பினாங்கு டெய்லர்’ என்று எழுதி, பக்கத்தில் புகை விடுகிற கப்பல் ஒன்று வரைந்திருக்கும். முன்னால் அந்தக் கடையில் இருந்தவர் விட்டுப்போன பலகை அது. கப்பல் அழகாக இருந்ததால் இவருக்கு மாற்ற மனம் வரவில்லை. அவர் சொந்தப் பெயர் என்னவென்று தபால்காரரைத் தவிர யாருக்கும் தெரியாது. வெளியூர்க்காரர்கள் வந்து, “பினாங்கு எப்படிங்க இருக்கும்?” என்று கேட்பார்கள். கேட்டவரை ஏமாற்றக் கூடாது என்பது அவர் கொள்கை. “மழைதான். குடையில்லாம வெளிய போக முடியாது” என்று ஆரம்பித்து, அங்கே விற்கிற குடையின் விலை வரைக்கும் சொல்லி அனுப்புவார்.

அந்தப் பலகையை நம்பித்தான் நிஜமான பினாங்கில் இருந்து ஒரு மாப்பிள்ளை வீடு பெண் கேட்டு வந்தது. பெண்ணின் பெயர் செல்லம். தாயில்லாத பிள்ளை. அவரே தலை பின்னிவிட்டு, சோறு பொங்கிப் போட்டு வளர்த்த ஒரே மகள். பையன் நல்லவன், நல்ல வேலை. கட்டிக் கொடுத்தார். நாகப்பட்டினத்துக்குப் போய்க் கப்பல் ஏற்றிவிட்டு வந்தவர், கடைக்கு எதிரே நின்று பலகையை ரொம்ப நேரம் பார்த்தார்.

“இந்தக் கப்பல்தான் மாப்ளே எம் புள்ளையைக் கொண்டுக்கிட்டுப் போனது” என்றார்.

அதற்குப் பிறகும் செல்லத்துக்கு ரவிக்கை தைப்பதை அவர் நிறுத்தவில்லை. நல்ல துணி எது வந்தாலும் ஒன்று வெட்டித் தைத்து, மடித்து, டிரங்குப் பெட்டியில் வைப்பார். “அவ அளவு எனக்குக் கையிலயே இருக்கு” என்பார்.

சரி, ஊசிக்கு வருகிறேன். ஒரு வருஷம் காலரா பரவி, சுகாதார இன்ஸ்பெக்டர் சந்தையிலேயே ஆட்களை நிறுத்தி ஊசி போட்டுக்கொண்டிருந்தார். அந்த இன்ஸ்பெக்டர் திடீரென்று டெய்லர் கடைப் படியில் ஏறினார். அவர் வந்தது கால்சட்டை தைக்கக் கொடுப்பதற்கு. டெய்லருக்கு அது தெரியாது. தொப்பியைப் பார்த்த மாத்திரத்தில் துணி வெட்டுகிற மேஜைக்கு அடியில் போய்விட்டார்.

“டெய்லர் இல்லையா?” என்று இன்ஸ்பெக்டர் அங்கே உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துக் கேட்டார். நான் பொய் சொல்லவும் தெரியாமல், உண்மை சொல்லவும் தைரியம் இல்லாமல் மேஜையையே பார்த்தேன்.

மேஜைக்கு அடியில் இருந்து குரல் வந்தது. “இருக்கேனுங்க. பொத்தான் உருண்டு போச்சு, தேடுறேன்.”

“கால்சட்டைக்கு அளவு எடுக்கணுமே?”

“அப்படியே நில்லுங்க. இங்கேருந்து பார்த்தா கால் அளவு நல்லாவே தெரியுது.”

டேப்பை மட்டும் வெளியே நீட்டி அளவு எடுத்தார். அந்தக் கால்சட்டையைப் போல் பொருத்தமானது தனக்கு வாய்த்ததே இல்லை என்று இன்ஸ்பெக்டர் பின்னால் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த கோடையில் அம்மை குத்த வரப்போகிறார்கள் என்று தண்டோரா போட்டார்கள். வட்டமான சின்னக் கருவியைக் கையில் வைத்துத் திருகுவார்கள். அது ஆறித் தழும்பாகும். டெய்லர் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் காலையில் நான் கடை திறக்க வந்தபோது அவர் கடை வாசலில் வேப்பிலை தொங்கியது.

வேப்பிலை கட்டிய வீட்டில் அம்மை கண்டிருக்கிறது என்று பொருள். ஆத்தா வந்து இறங்கியிருக்கிற இடத்தில் வெளியாள் நுழைய மாட்டான், சர்க்கார் ஆளும் நுழைய மாட்டான் என்பது அவர் கணக்கு. பக்கத்துப் பலகாரக் கடை மீனாட்சியக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு, கூழும் இளநீரும் கொண்டுவந்து வாசலில் வைத்தாள்.

“மகள் கூட இல்லாத மனுஷன். கவலைப்படாதீங்க அண்ணே, எறங்குற வரைக்கும் நான் பார்த்துக்கிறேன். தாளிச்சது, பொரிச்சது எதுவும் இந்தப் பக்கமே வராது” என்றாள்.

சொன்னபடியே செய்தாள். கருவாடு இல்லாமல் சோறு இறங்காத மனிதர் கூழைக் குடித்துக்கொண்டு உள்ளே கிடந்தார். மத்தியானம் கதவிடுக்கில் இருந்து என்னைக் கூப்பிட்டார்.

“மாப்ளே, நெத்திலிக் கருவாடு வாசம் வருதே, ஒங்க வீட்டுச் சாப்பாடா?”

“ஆமா மாமா.”

“தின்னு, தின்னு. கொஞ்சம் இங்கிட்டுத் திரும்பி உக்காந்து தின்னு.”

அவர் ஒன்றை மறந்துவிட்டார். ஒரு வீட்டில் அம்மை கண்டால் அந்தத் தெரு முழுவதற்கும் முதலில் குத்த வேண்டும் என்பது சர்க்கார் விதி. எங்கேயோ கடைசியில் வரவேண்டிய இன்ஸ்பெக்டர், வேப்பிலையைக் கேள்விப்பட்டு மறுநாளே பரிவாரத்தோடு வந்து இறங்கிவிட்டார். எனக்குக் குத்தினார்கள், மீனாட்சியக்காவுக்குக் குத்தினார்கள், பஸ்ஸுக்கு நின்ற வடகாட்டு ஆட்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துக் குத்தினார்கள். கடைசியில் இன்ஸ்பெக்டர் டெய்லரின் கதவைத் தட்டி, முகத்தையும் கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அம்மை எங்கய்யா?”

“உள்ளுக்குள்ள இருக்குங்க. இன்னும் வெளிய வரல.”

இன்ஸ்பெக்டர் தன் கால்சட்டையை ஒருமுறை குனிந்து பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு போய்விட்டார். ஆனால் மீனாட்சியக்கா விடவில்லை. முறைப்படி தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று மஞ்சளும் வேப்பிலையும் கலந்த தண்ணீரைக் குடம் குடமாக நடுத்தெருவில் அவர் தலையில் கொட்டினாள். எங்கள் தெருவில் கையில் தழும்பு இல்லாத ஒரே ஆள், தலை முதல் கால் வரை மஞ்சளாக நின்று எங்கள் எல்லோரையும் பார்த்துச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு ஒரு கடிதத்தில் நின்றது. செல்லம் முழுகாமல் இருக்கிறாள் என்று மருமகன் எழுதியிருந்தார். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும். செல்லத்தால் அவ்வளவு தூரம் கப்பலில் வர முடியாது. வந்தாலும் தாய் இல்லை. டெய்லர் டிரங்குப் பெட்டியைத் திறந்து, தைத்து வைத்திருந்த ரவிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

“அளவு மாறியிருக்குமே மாப்ளே” என்றார். “ஒண்ணுகூட இப்ப அவளுக்குச் சேராது. ஆளைப் பார்க்காம எப்படித் தைக்கிறது?”

அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். மகள் தாய் வீட்டுக்கு வர முடியாவிட்டால் தாய் வீடு கப்பலேறிப் போகும். ஆனால் கப்பல் ஏற வேண்டுமானால் அம்மை குத்திக்கொண்டு, காலரா ஊசியும் போட்டுக்கொண்டு, அதற்குச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டு இல்லாதவனைத் துறைமுக வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

டிக்கெட் ஏற்பாடு செய்ய வந்த தரகர் காதோடு காதாகச் சொன்னார். “ஊசியெல்லாம் எதுக்குங்க? ஆளைப் பார்க்காமலே சீல் குத்திக் குடுக்கிற எடம் எனக்குத் தெரியும்.”

டெய்லர் முகம் மலர்ந்ததே, நாகூர் கந்தூரி விளக்கு கெட்டது. அன்று பூராவும் பாடிக்கொண்டே தைத்தார். சாயங்காலம் ஒரு சின்னச் சட்டையைத் தைத்து முடித்தார். உள்ளங்கை அளவுதான் இருக்கும். அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தவர், பாட்டை நிறுத்திவிட்டார்.

“மாப்ளே, பொய்ச் சீட்டோட நான் போறேன்னு வையி. கப்பல்ல எவனுக்கோ இருக்கிற சீக்கு எனக்கு ஒட்டிக்கிது. நான் எறங்கினதும் நேரா எங்க போவேன்?”

நான் அந்தச் சின்னச் சட்டையைப் பார்த்தேன்.

“இந்தச் சட்டையைப் போட்டிருக்கிற புள்ளையைத்தானே தூக்குவேன்?” என்றார். தரகரிடம், சீட்டைத் தானே வாங்கிக்கொள்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

முடிவு செய்வது வேறு, ஆஸ்பத்திரிக்குப் போவது வேறு. என் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுபோனேன். முதல் தடவை ஆஸ்பத்திரி வாசல் வந்ததும் சைக்கிள் லேசாகிவிட்டது. திரும்பிப் பார்த்தால் ஆள் தேங்காய் மண்டிக்குள் போய்க்கொண்டிருந்தார். அடுத்த தடவை டாக்டர் இல்லை என்று எனக்கு முன்னால் அவரே கண்டுபிடித்தார். டாக்டர் அவருக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். கப்பல் புறப்படும் நாளோ நெருங்கிக்கொண்டு வந்தது.

கடைசியாக ஒருநாள் காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, உள்ளேயே வந்துவிட்டார். கம்பவுண்டர் ஸ்பிரிட் விளக்கில் ஊசியைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நம்முடைய இன்ஸ்பெக்டர்.

“ஒமக்குத்தான் உள்ளுக்குள்ள வந்துட்டுப் போயிருச்சே, மறுபடி எதுக்குய்யா?” என்றார்.

டெய்லர் என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். நெற்றியெல்லாம் வேர்வை. கண்ணைத் திறந்தவர் இன்ஸ்பெக்டர் கோட்டைப் பார்த்தார். நடுப் பொத்தான் ஒரே நூலில் தொங்கியது.

“எசமான், ஒரு விண்ணப்பம். ஒரு ஊசி எங் கையில இருந்தா, அவரு கையில இருக்கிற ஊசியை நான் தாங்கிக்குவேன்.”

இடது கையைக் கம்பவுண்டரிடம் கொடுத்தார். வலது கையில் காலரில் இருந்த ஊசியை எடுத்துக்கொண்டார். பொத்தானைப் பிடித்துக்கொள்ள நான். நாங்கள் நாலு பேரும் நெருக்கியடித்து நின்றோம். அவர் தைக்க ஆரம்பித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, செல்லத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு, கண்ணைப் பொத்தானில் இருந்து எடுக்காமல் தைத்தார். கம்பவுண்டர் அம்மை குத்தினார். தையல் ஓடியது. காலரா ஊசியைப் போட்டார். தையல் இன்னும் வேகமாக ஓடியது.

“முடிஞ்சுதுய்யா” என்றார் கம்பவுண்டர்.

“எனக்கு இன்னும் முடியலங்க” என்று சொல்லி, முடிச்சுப் போட்டுப் பல்லால் நூலைக் கடித்த பிறகுதான் மயங்கி விழுந்தார்.

தண்ணீர் எடுக்க இன்ஸ்பெக்டர் ஓடினார். அவரோடு நானும் ஓடினேன். ஓடவேண்டி வந்தது. பொத்தானோடு என் சட்டைக் கையையும் சேர்த்துத் தைத்திருந்தார். அதைப் பிரிக்க முடியவில்லை, அவ்வளவு உறுதியான தையல். கத்திரியால்தான் வெட்டினார்கள்.

கை வீங்கி, காய்ச்சல் கண்டு, எல்லாம் முறைப்படி நடந்தது. வீக்கத்தைத் தெருவில் எல்லோரிடமும் காட்டினார். “தொட்டுப் பாரு, தொட்டுப் பாரு, எப்படிச் சுடுது!” மீனாட்சியக்கா கருவாட்டுக் குழம்பு வைத்துக் கொடுத்தாள்.

அவர் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார். பேத்தி பிறந்தாள். முதலில் தூக்கியது தாத்தாதான் என்று மருமகன் எழுதினார். செல்லம் அப்பாவைத் திருப்பி அனுப்பவில்லை. எனக்குக் கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, தலை நரைத்தும்விட்டது. இன்னும் யாராவது தும்மினால் உதட்டில் ஊசி இருக்கிறதா என்று நிமிர்ந்து பார்க்கிறேன்.

அவர் புறப்பட்ட அன்று புதுக்கோட்டை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தேன். டிரங்குப் பெட்டியை மேலே ஏற்றினேன். “வாரேன் மாப்ளே” என்றார். தெருவே கூடி நின்றது. அத்தனை பேருக்கு நடுவில் எனக்கு வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். பஸ் போய், புழுதி அடங்கி, எல்லோரும் கலைந்த பிறகு, பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, “சீக்கிரம் வந்துருங்க மாமா” என்று சொன்னேன்.

மறுநாள் சந்தை. கூட்டம் நல்ல கூட்டம். என் சைக்கிள்கள் எல்லாம் காலையிலேயே வாடகைக்குப் போய்விட்டன. சட்டைத் துணியோடு வந்த ஒருவர் டெய்லர் எங்கே என்று கேட்டார். ஊருக்குப் போயிருக்கிறார், சீக்கிரம் வந்துவிடுவார் என்றேன்.