இடியாப்ப ஐயாவின் கசக்காத தக்காளி

ஊவா மாகாணத்திலேயே தக்காளிச் செடிகள் மதித்த ஒரே மனிதர் இடியாப்ப ஐயாதான். நமுனுகுல தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்து, பயிர் ஆராய்ச்சி படித்து, பண்டாரவளையில் பொலித்தீன் கூடாரம் போட்டிருந்தார். விடிந்ததும் தோட்டத்தில் ஆள் கூப்பிடுவது போலச் செடிகளுக்குப் பெரட்டு நடத்துவார். பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டு ஊர் சுற்றிய நான் அங்கே தண்ணீர் ஊற்றினேன். படுக்கையும் அங்கேயே, கூடாரத்து வாசலில். மழை வந்தால் செடி நனையாது, நான் நனைவேன்.

அந்தப் பெயர் வந்தது டவுன் சாப்பாட்டுக் கடையில். சிவப்பு இடியாப்பத்தில் ஓர் இழை, வெள்ளையில் ஓர் இழை உருவி மேசையில் வைத்தார். இரண்டையும் நடுவில் கிள்ளி, வால்களை மாற்றி ஒட்டினார். மொட்டுக்குள் மகரந்தம் உண்டாகும்போது செடியின் தாய் வழி மரபணு இழையும் தகப்பன் வழி இழையும் இப்படித்தான் துண்டு மாற்றிக்கொள்ளுமாம். சம்பலோடு நின்ற கடைக்கார நானா கேட்டார்:

"சேர், சாப்பிடுறீங்களா, கலியாணம் கட்டி வைக்கிறீங்களா?"

"கல்யாணம் முடிஞ்சிருச்சு நானா. இப்ப சொத்துப் பிரிக்கிறேன்."

அவர் கவலை வேறு. வாடல் நோய் தொடாத காட்டுத் தக்காளி ஒன்று வைத்திருந்தார், பழமோ வேப்பங்காய். நோய் தாங்கும் குணமும் கசப்பும் ஒரே இழையில் ஒட்டி உட்கார்ந்திருந்தன. இழை சரியாக அவற்றுக்கு நடுவில் அறுந்து மாறினால்தான் இரண்டும் பிரியும். ஆனால் ஒரு மரபணு கங்காணி மாதிரி நின்று, இழைக்கு ஓரிரண்டு இடத்துக்கு மேல் மாற விடாது. அந்தக் கங்காணி வேலை செய்யாத கலப்புச் செடி ஒன்றை வருஷக்கணக்காக மகரந்தம் மாற்றிச் சேர்த்து உண்டாக்கியிருந்தார். ஒன்றே ஒன்று. அது மொட்டு விட்டதும் சாப்பாட்டையே மறந்தார்.

அந்த வாரம்தான் பாக்கியம் அக்கா களை பிடுங்க வந்தார். வயசெல்லாம் தேயிலைக் கொழுந்து பறித்தவர். பேசிக்கொண்டே போனவரின் கை, அந்தச் செடியின் நுனிகளை மொட்டோடு கிள்ளி முதுகுப் பக்கம் போட்டுவிட்டது. முதுகில் கூடை இல்லை.

ஐயா வந்து பார்த்தார். சேற்றிலேயே உட்கார்ந்தார்.

"என் கைதாங்கய்யா, நான் இல்ல" என்றார் அக்கா.

மழையைக்கூடத் திட்டுகிற மனிதர், மொட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எனக்குப் பயமாக இருந்தது.

செடி சாகவில்லை. பக்கக் கிளை விட்டு, பூத்து, காய்த்தது. அதன் விதைகளை நோய் பிடித்த மண்ணில் போட்டார். செத்தவை போக மிஞ்சிய செடிகள் பழுத்தன. ருசி பார்ப்பது எங்கள் மூவரின் வேலை. ஒன்று விடாமல் கசந்தது. துப்பித் துப்பி நாக்கு மரத்துப்போனது. ஐயா எங்கள் முகங்களைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார்.

கடைசி வரிசையில் ஒரு பழத்தைக் கடித்த அக்கா துப்பவில்லை.

"கசக்கலையா?" என்றார் ஐயா.

"இல்லைங்கய்யா. கொஞ்சம் உப்பு இருந்தா நல்லாருக்கும்."

உப்பு எடுத்து வர அவரே ஓடினார்.

அதன் பிறகு நான் எங்கெங்கோ போய்விட்டேன். எந்த ஊரில் தக்காளி வெட்டினாலும் ஒரு துண்டு எடுத்து வாயில் போடுகிறேன். கசக்காதபோது, அதை அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.