லிஃப்ட்டில் செத்த வக்கீல்

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் தாழ்மையுடன் எழுதிக்கொண்டது. இங்கே நான், உங்கள் தங்கை, உங்கள் மருமகள் மூவரும் உயிரோடும் நலமாகவும் இருக்கிறோம். டிவி தொடரில்தான் இதுவரை ஏழு பேர் போய்விட்டார்கள். அங்கே அக்காவின் முழங்கால் வலி தேவலையா? போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் இந்த வீட்டில் நான் போனைக் காதில் வைத்தால் மற்ற இரண்டு பேரும் கைவேலையை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வார்கள். ஆகவே கடையில் உட்கார்ந்து, கண் பரிசோதனைச் சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். முன்பக்கத்தில் யாருடைய பவராவது இருந்தால் பொருட்படுத்த வேண்டாம்.

முதலில் நன்றி. நடுவிலும் கடைசியிலும் அதுவேதான்.

உங்கள் மருமகள் கண்ணாடிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் சேர்ந்தது உங்களுக்குத் தெரியும். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்துவிட்டால் நான் எப்படி நானாவேன்? "கிரீஸைப் பூசிக்கிட்டுக் கம்பியில தொங்குறதுக்கா உன்னை இவ்வளவு தூரம் படிக்க வச்சேன்?" என்று கேட்டுவிட்டேன். கேட்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு அவள் என்னோடு ஐந்து மாதம் பேசவில்லை. ஒரே மேஜையில்தான் சாப்பாடு. "அம்மா, கண்ணாடிக் கடைக்காரருக்குத் தண்ணி வேணுமான்னு கேளு" என்பாள். நானும் ரோஷக்காரன் அல்லவா, "லிஃப்ட் கம்பெனி உபசரிப்புக்கு நன்றின்னு சொல்லு" என்பேன். உங்கள் தங்கை இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம்.

அந்த நேரத்தில்தான் தெய்வம் போல உங்கள் ஓடிடி கணக்கின் பாஸ்வேர்டைக் கொடுத்து, "மாப்பிள்ளை, இந்தக் கொலைகாரன் தொடரைப் பாருங்க" என்றீர்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று பேரும் டிவி முன் உட்கார்ந்தோம், ஆளுக்கொரு திசையில். ஆளைக் கொன்றுவிட்டு அந்த வீட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகிறானே அந்தப் பாவி, அவனைப் பார்த்ததும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. அதில் வரும் மருந்துக் கடைக்காரர்தான் கொலைகாரன் என்றேன். ஏனென்றால் முதல் வாரம் அவருடைய கண்ணாடிக் காம்பில் டேப் ஒட்டியிருந்தது, இரண்டாம் வாரம் புது ஃபிரேம், மூன்றாம் வாரம் மறுபடியும் அதே டேப். இருபத்தெட்டு வருடமாகக் கண்ணாடி விற்கிறவன் கண்ணுக்கு இது தப்புமா? "இவர் ஒருத்தர் இல்ல, ரெட்டையர்" என்று தீர்ப்புச் சொன்னேன். உடனே எதிர்ப்பக்கத்திலிருந்து, "அம்மா, ரெட்டையரா இருந்தா ரெண்டு பேருக்கும் ஒரே காதுல தழும்பு இருக்குமான்னு அவரைக் கேளு" என்று ஒரு குரல். தழும்பை நான் கவனிக்கவில்லை. இருந்தாலும் விடுவேனா? "ஒரே நாய் ரெண்டு பேரையும் கடிச்சிருக்கும்னு சொல்லு" என்றேன்.

நான்காம் வாரம், கதையில் வரும் வக்கீல் லிஃப்ட்டில் போகிறார். கொலைகாரன் மேலே நின்று கயிற்றை அறுக்கிறான். ஒன்பதாவது மாடியிலிருந்து லிஃப்ட் தடாலென்று விழுகிறது. "ஐயோ, போன வாரம் புதைச்சது இவரைத்தானா!" என்று நான் நெஞ்சில் கை வைத்தேன். உங்கள் மருமகள் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். "அதெல்லாம் விழாதுப்பா! ஒரு கயிறு அறுந்தா மத்த கயிறுங்க தாங்கும். அத்தனையும் அறுந்தாலும் கீழே ஒரு பிடிப்பு இருக்கு, தண்டவாளத்தக் கப்புன்னு கவ்விக்கும்!"

மச்சான், தண்டவாளம், பிடிப்பு எதுவும் என் காதில் ஏறவில்லை. "விழாதுப்பா"வின் கடைசியில் இருந்த "அப்பா" மட்டும்தான் ஏறியது. ஐந்து மாதம் கழித்து வந்த "அப்பா". நான் ஒன்றும் நடக்காதது போல, "அதெப்படிக் கவ்வும்?" என்று கேட்டேன். முக்கால் மணி நேரம் படம் போட்டுக் காட்டினாள். வக்கீல் செத்திருக்கவே முடியாது என்று நிரூபித்துவிட்டாள். நம்புவீர்களோ மாட்டீர்களோ, அடுத்த ஞாயிறு வக்கீல் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்து டீ குடிக்கிறார்! "என் பொண்ணு சொன்னா சொன்னதுதான்!" என்று நான் போட்ட கூச்சலில் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார். மறுவாரம் அவளே என்னைத் தான் வேலை பார்க்கும் கட்டடத்துக்குக் கூட்டிப்போய், உச்சியில் இருக்கும் இயந்திர அறையைக் காட்டினாள். "பாத்துக்கங்கப்பா, தொங்கல. நின்னுதான் வேலை செய்றேன்" என்றாள். அன்றைக்குச் சொன்ன வார்த்தையை அங்கேயே வாபஸ் வாங்கினேன். கிரீஸ் கையோடு என் தோளைத் தட்டினாள். அந்தச் சட்டையை நான் துவைக்கப் போடவில்லை.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, போன புதன்கிழமை ஒரு பஸ் டிரைவர் கண் பார்க்க வந்தார். மூக்கில் ஃபிரேமை மாட்டி, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே வக்கீல்தான் கொலைகாரன் என்று என் புதுக் கருத்தையும் எடுத்துவிட்டேன். "வக்கீல் அஞ்சாவது பாகத்துலயே செத்துட்டார் சார்" என்றார். "அதுக்கு அடுத்த வாரமே டீ குடிச்சாரே?" என்றேன். அவர் ஃபிரேமைக் கழற்றி மேஜையில் வைத்தார். "சார், என் கண்ண விடுங்க. உங்க கண்ண யார் பாக்குறது?" பிறகு என் எழுத்துப் பலகையையே காட்டி விளக்கினார்: இதைக் கீழேயிருந்து மேலே, ஒரு வரி விட்டு ஒரு வரி படித்தால் எப்படியோ, அப்படித்தான் நாங்கள் தொடரைப் பார்த்திருக்கிறோமாம். "அந்தக் கணக்க வேற யாராவது சேர்ந்து பாக்குறாங்களா?" என்றார்.

அப்போதுதான் மண்டையில் பல்பு எரிந்தது. நீங்கள் உங்கள் வீட்டில் பார்க்கிறீர்கள், பார்த்துக்கொண்டே தூங்கிவிடுகிறீர்கள், அது பாட்டுக்கு ஓடுகிறது. விழித்ததும் பின்னால் போகிறீர்கள். ஞாயிறு நாங்கள் போட்டால் நீங்கள் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறது. சில பாகங்கள் இரண்டு தடவைகூட வந்தன. நினைவுக் காட்சி என்று எடுத்துக்கொண்டோம். டேப் ஒட்டிய கண்ணாடி, உயிர்த்தெழுந்த வக்கீல் எல்லாம் உங்கள் குறட்டையின் கைங்கரியம்.

இதை வீட்டில் சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன். வாசலில் உங்கள் மருமகள் ஷூவைக்கூடக் கழற்றாமல், "அப்பா, வக்கீல் விஷயத்துல எனக்கு இன்னொன்னு தோணுது" என்றாள். வந்த வார்த்தையை மென்று முழுங்கிவிட்டேன். வரிசையாகப் பார்த்தால் கதை முடிந்துவிடும் மச்சான். முடிந்தால் நாங்கள் எதைப் பேசுவோம்?

ஆகவே கை கூப்பிக் கேட்கிறேன்: தயவுசெய்து திருந்திவிடாதீர்கள். இதே போலக் கண்டபடி பாருங்கள், பாதியில் தூங்குங்கள். நீங்கள் செய்த உதவியை ஏழேழு பிறப்புக்கும் மறக்க மாட்டேன். இதெல்லாம் உங்கள் தங்கைக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். உங்கள் புது வீட்டு முகவரி என்னிடம் இல்லாததால், உறையை ஒட்டி முகவரியை மட்டும் அவளை எழுதச் சொல்லப்போகிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். உங்களுக்கு நீண்ட ஆயுளும், அதைவிட நீண்ட உறக்கமும் வாய்க்க வேண்டி,

தங்கள் நன்றி மறவாத மைத்துனன்,
கண்ணாடிக் கடை

பி.கு.: அண்ணா, உன் தங்கச்சி எழுதுறேன். பசை காயறதுக்குள்ள பிரிச்சிட்டேன். நீ முதல் பாகத்துலயே ரத்தத்தப் பாத்துப் பயந்து டிவிய அணைச்சவன், இன்னிக்கு வரைக்கும் அந்தப் பக்கமே போகலன்னு அண்ணி எப்பவோ சொல்லிட்டாங்க. அதனால இவர் சொன்ன நன்றியில ஒண்ணையும் நீ எடுத்துக்காத, அவ்வளவும் எனக்கு வர வேண்டியது. ஞாயித்துக்கிழமை காலையில நான்தான் ஏதாவது ஒரு பாகத்தப் போட்டு, கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்தி வைக்கிறேன். மொத்தமே பன்னெண்டு பாகம். நம்ம வீட்டுல இப்ப பத்தொன்பதாவது வாரம் ஓடுது. மூணாவது வாரமே உன் மருமக என்னைக் கையும் களவுமாப் பிடிச்சிட்டா. கம்பெனியில கூட இருக்கிறவங்களோட சேர்ந்து முழுசையும் முன்னாடியே பாத்துட்டாளாம், கொலைகாரன் யார்னு அவளுக்கு நல்லாத் தெரியுமாம். என்ன ரகளை பண்ணப்போறாளோன்னு ரிமோட்டும் கையுமா நின்னேன். அவ என் கையில இருந்த ரிமோட்ட வாங்கி மேஜையில வச்சா. அப்புறம் சொன்னா: "அடுத்த வாரம் அஞ்சாவது பாகத்தப் போடும்மா. அதுலதான் லிஃப்ட் வருது."