அரை அடி ஆழத்தில் ஒரு மீன்

கயாக்கின் அடிவயிற்றில் ஒரு கைமுட்டி நுழையும் அளவுக்கு வட்டமாக ஓட்டை போட்டு முடித்த பிறகுதான் சூப்பிரண்டு மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, மீன் இருக்கும் இடத்தைக் காட்டும் ஃபிஷ் ஃபைண்டர் மெஷினோடு வந்த புத்தகத்தின் முதல் பக்கத்தைப் படித்தார்.

'படகில் துளை எதுவும் போடத் தேவையில்லை' என்று அதில் தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தது.

அவர் புத்தகத்தை மூடினார். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து பார்த்தார். அச்சு மாறவில்லை.

"என்னங்க, சத்தத்தையே காணோம்?" என்று சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. அந்த வீட்டில் ட்ரில்லிங் மெஷின் ஓடினால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். நின்றால்தான் கவலை.

"வேலை முடிஞ்சுது."

"முடிஞ்சுதா, முடிச்சுட்டீங்களா?"

சூப்பிரண்டு இரண்டாம் பக்கத்தைப் புரட்டினார். அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக அடுத்தவர் எழுதிய கோப்பில் தப்புக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பும் உத்தியோகம் அவருக்கு. தன் தப்பைத் திருப்பி அனுப்ப அங்கே மேஜை கிடையாது.

கயாக் என்பது ஓர் ஆள் உட்கார்ந்து துடுப்புப் போடுகிற பிளாஸ்டிக் படகு. உள்ளே வெற்றிடம். முன்னால் ஒரு மூடி, பின்னால் ஒரு மூடி. எட்டு மாதமாக அது ஹாலில் படுத்திருந்தது. டி.வி. பார்க்க வேண்டுமானால் அதைத் தாண்டிப் போக வேண்டும். விருந்தாளிகள் வந்தால் அதன்மேல் உட்காருவார்கள். ஒரு தடவை உட்கார்ந்தவர்கள் மறுபடி வந்ததில்லை.

படகு வருவதற்கு முன்னால் சூப்பிரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். அதன் தடயங்கள் இன்னும் இருந்தன. ஃப்ரிட்ஜைத் திறந்தால் வாசல் மணி அடிக்கும். குளியலறைக் குழாயைத் திருகினால் மாடிவீட்டுக்காரர் அலறுவார். மிக்சி மாவைப் போட்டால் பருப்பாகத் திருப்பித் தருகிறது என்று மைத்துனன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

படகு வந்த அன்று சூப்பிரண்டு ஓர் உத்தரவு போட்டார்: "இனிமே இந்த வீட்டுல காசு குடுத்து வாங்கின மீன் நுழையக் கூடாது. நான் புடிச்சுட்டு வர்ற மீனைத்தான் சாப்பிடணும்."

அன்று முதல் அந்த வீட்டில் யாரும் மீன் சாப்பிடவில்லை. தெருவில் மீன்காரர் மொபெட்டில் ஹாரன் அடித்துக்கொண்டு போவார். சூப்பிரண்டு எழுந்து ஜன்னலைச் சாத்துவார். எட்டு மாதத்தில் ஏரியிலிருந்து அவர் கொண்டுவந்தது ஒரு செருப்பு. இடது கால். அதையும் மனைவி எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்து வைத்திருந்தாள்.

வேறு யாராவது என்றால் தனக்கு மீன் பிடிக்கத் தெரியவில்லை என்ற முடிவுக்கு வந்திருப்பார்கள். சூப்பிரண்டு கோப்பு பார்த்துப் பழகியவர். மீன் எங்கே இருக்கிறது என்ற தகவல் தனக்கு வந்து சேரவில்லை என்ற முடிவுக்கு வந்தார். அதனால்தான் இந்த மெஷின். ஒரு திரை, ஒரு சென்சார், நடுவே ஒரு ஒயர். சென்சார் தண்ணீருக்குள் சத்தம் அனுப்பும்; எது மேலாவது பட்டுத் திரும்பினால் திரையில் மீன் பொம்மை வரும், எத்தனை அடி ஆழம் என்று எண் வரும், 'பீப்' என்று ஒலி வரும். சென்சாரை உள்ளேயே பசை போட்டு ஒட்டினால் போதும், பிளாஸ்டிக்கைத் தாண்டி அது பார்த்துக்கொள்ளும் என்றது இரண்டாம் பக்கம்.

"அப்ப இந்த ஓட்டை எதுக்கு?" என்று மனைவி கரண்டியும் கையுமாக வந்து கேட்டாள்.

"காத்தோட்டத்துக்கு."

காற்றோட்டத்தை ஒரு டிபன் பாக்ஸ் மூடியும் ஒரு டியூப் சிலிக்கான் பசையும் போட்டு அடைத்தார். பசை மிச்சமிருந்தது. படகில் தண்ணீர் புகுந்தால் வடிக்க அடியில் ஒரு திருகு இருக்கும். அதிலும் ஒழுகுமோ என்று சந்தேகப்பட்டு அதன்மேலும் பூசிவிட்டார். இனி உள்ளே போன தண்ணீர் வெளியே வராது என்பது அவருக்குத் தோன்றவில்லை. உள்ளே சென்சாரை ஒட்டும்போது கையிலிருந்த ஸ்பானர் நழுவி வயிற்றுக்குள் போய்விட்டது. போகட்டும் என்று விட்டார்.

அடுத்தது மின்சாரம். சிவப்பு ஒயரைக் கறுப்பிலும், கறுப்பைச் சிவப்பிலும் மாட்டினார். மெஷினோடு வந்த சின்ன பேட்டரி 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு விட்டுக் கடமையை முடித்துக்கொண்டது. காரில் இருந்த பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்து முன்பக்கம் வைத்தார். மெஷின் உயிர் பெற்றது, கார் செத்தது. படகை ஏரிக்கு எடுத்துப் போவது அந்தக் காரில்தான்.

பேட்டரி கனத்தில் மூக்கு தாழ்ந்தது. சமன் செய்ய நங்கூரத்தைப் பின்னால் கட்டினார். தூண்டில் கம்பு செருகும் குழாய் நான்கு, தண்ணீர் பாட்டில் வளையம், ஃபோன் வைக்கும் கை, கொடி. எல்லாவற்றுக்கும் மொத்தம் ஒன்பது துளை போதும். அவர் இருபத்திரண்டு போட்டார். உட்கார்ந்து பார்த்தபோது துடுப்பு இடதுபக்கக் குழாயில் இடித்தது. துடுப்பின் இடதுபக்கத்தை மட்டும் ஒரு சாண் அறுத்துவிட்டார். இடிக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் மைத்துனன் வந்தான். இவன் ஒரு மூங்கில் குச்சியையும் நாலு மண்புழுவையும் வைத்துக்கொண்டு ஏரிக்கரையில் கொட்டாவி விட்டபடியே மீன் பிடிக்கிற ஜாதி. சூப்பிரண்டுக்கு அவனைக் கண்டால் ஆகாது.

படகைச் சுற்றி ஒரு நடை நடந்தான். "மாமா, இது படகா, சல்லடையா?"

"வாய மூடு, மாப்ளே."

"நீங்க மொதல்ல ஓட்டைய மூடுங்க. அக்கா, இவரு தண்ணியில எறங்கறதுக்கு முன்னாடி தண்ணி இதுல எறங்கிடும்."

"மெஷின் வந்தாச்சுடா. நாளைக்குப் பாரு."

"மீன் இருக்கற எடத்தை மெஷின் காட்டும். சரி. நீங்க இருக்கற எடத்தை மீனுக்கு யாரு காட்டுவா?"

சூப்பிரண்டு எழுந்து நின்றார். கயாக்குக்குள் நின்றபடி என்பதால் கொஞ்சம் ஆடினார், கம்பீரம் குறையவில்லை.

"கேட்டுக்கோ. நாளைக்குச் சாயங்காலம் நான் வெறுங்கையோட வந்தா, இந்தப் படகை அப்படியே நீ எடுத்துட்டுப் போயிடு. மெஷினோட! அப்புறம் இந்த ஜென்மத்துல ஏரிப் பக்கம் தலை வெச்சுப் படுக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமையானா வீட்டோட கெடப்பேன். இங்க மட்டும் வேலை இல்லையா? வாஷிங் மெஷினைத் தொட்டு எட்டு மாசம் ஆச்சு!"

சமையலறையில் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது.

"வேணாங்க," என்று மனைவி ஓடிவந்தாள். "அவன்தான் கேலி பண்றான்னா நீங்க எதுக்கு சபதம் எல்லாம் போடறீங்க? வாயக் கழுவுங்க."

அவள் முகம் வெளுத்திருந்தது. தன் மானத்துக்காக இப்படித் துடிக்கிறாளே என்று சூப்பிரண்டுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. "சொன்னா சொன்னதுதான்," என்றார்.

ஞாயிறு காலையில் அவர் குளித்துவிட்டு வந்தபோது மனைவி படகின் பின்மூடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு காலி வாளி. எட்டு மாதத்தில் அவள் அந்தப் படகைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"சாப்பாடு முன்னாடி வெச்சிருக்கேன். ஏரிக்குப் போனதும் பின்னாடி மூடியை ஒரு தரம் திறந்து பாத்துடுங்க. தண்ணி கிண்ணி புகுந்துடப் போவுது."

"என் வேலையில தண்ணி புகுமா?"

"திறந்து பாருங்களேன். சொல்றேன்ல?"

"சரி, சரி" என்றார். மனைவி சொன்னதற்குச் 'சரி, சரி' என்று சொல்லிவிட்டு மறந்துபோவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

கார் கிளம்பாததால் இரண்டு பேரும் படகைத் தோளில் சுமந்துகொண்டு தெருவில் நடந்தார்கள். முன்னால் சூப்பிரண்டு, பின்னால் மைத்துனன். எதிரே வந்த ஒருத்தர் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக ஒதுங்கித் தலைகுனிந்து நின்றார்.

"மாமா, உள்ள என்னமோ ஓடுது."

"பேட்டரி."

"பேட்டரி முன்னாடில்ல இருக்கு? இது என் காதுகிட்ட ஓடுது."

"அப்ப ஸ்பானர்."

"ஸ்பானர் தானா நடக்குமா மாமா?"

"நீ வாய மூடிக்கிட்டு நடந்தா அதுவும் சும்மா கெடக்கும்."

ஏரியில் இறங்கி முதல் துடுப்புப் போட்டதும் படகு இடப்பக்கம் திரும்பியது. இரண்டாவதுக்கும் திரும்பியது. வெட்டிய துடுப்பு தன் வேலையைக் காட்டியது. கால் மணி நேரத்தில் சூப்பிரண்டு ஏழு வட்டம் போட்டு, கிளம்பிய இடத்துக்குப் பத்தடி தள்ளி வந்து சேர்ந்தார். கரையில் மைத்துனன் குச்சியை ஊன்றிவிட்டு உட்கார்ந்திருந்தான்.

"மாமா, ஏரியைக் கலக்கறீங்களா, காபி ஆத்தறீங்களா?"

அவர் காதில் வாங்காமல் மெஷினைத் தட்டிவிட்டார்.

'பீப்.'

திரையில் ஒரு மீன். நல்ல பெரிய மீன். ஆழம்: அரை அடி.

சூப்பிரண்டு தூண்டிலைப் போட்டார். காத்திருந்தார். பீப். அரை அடி. துடுப்பை நேராகத் தண்ணீரில் விட்டுப் பார்த்தார். முழுத் துடுப்பும் இறங்கியது, தரை தட்டவில்லை. வட்டம் போட்டு வட்டம் போட்டு நடு ஏரிக்குப் போனார். பீப். அதே மீன், அதே அரை அடி. தாமரைப் பக்கம் போனார். பீப். மறுகரைக்குப் போனார். பீப்.

பதினோரு மணிக்குக் கடைக்காரருக்கு ஃபோன் போட்டார்.

"என்னய்யா மெஷின் வித்திருக்கே? எங்க போனாலும் ஒரே மீனைக் காட்டுது!"

"நல்லதுதானே சார்? புடிச்சுடுங்க."

"அரை அடின்னு சொல்லுதுய்யா! இங்க ஆள் முழுகற ஆழம்!"

"மெஷின் பொய் சொல்லாது சார்."

"அப்ப நான் அரை அடித் தண்ணியில, ஒரு மீனு மேல உக்காந்திருக்கேனா?"

"மெஷின் சொன்னா அப்படித்தான் சார்," என்று கடைக்காரர் வைத்துவிட்டார்.

மத்தியானத்துக்குள் மைத்துனன் ஆறு பிடித்துவிட்டான். ஒன்று சின்னது என்று திருப்பி விட்டான், அதுவும் சூப்பிரண்டு பார்க்கும்போது. மூன்று மணிக்கு டிபன் பாக்ஸ் மூடி தன் கடமையிலிருந்து விலகிக்கொண்டது. படகு மெதுவாகத் தாழ்ந்தது. நல்லவேளையாகக் கரை பக்கத்தில் இருந்தது. மெஷின் மட்டும் தண்ணீர் ஏற ஏற உற்சாகமாகி, மூச்சு விடாமல் பீப் அடித்தது. சூப்பிரண்டு அதைக் காறித் துப்பாத குறையாக அணைத்துவிட்டுக் கரையேறினார்.

"மாமா, உள்ள தண்ணியை வடிச்சுட்டுப் போலாமா? திருகு திறக்க மாட்டேங்குதே. பசையா பூசினீங்க?"

"இனிமே அது உன் படகு. நீ வடி, நீ குடி, என்ன வேணா பண்ணு." அவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டார்.

ஒரு தள்ளுவண்டி பிடித்து, தளும்பத் தளும்ப வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். மனைவி கேட்டிலேயே நின்றிருந்தாள்.

"என்னங்க, கெடச்சுதா?"

அவர் படியில் உட்கார்ந்தார்.

"பின்னாடி மூடியைத் திறந்தீங்களா?"

"திறந்து என்ன பண்ண? அதுல என்ன இருக்கு? என் மானம்தான் இருக்கு." துண்டை முகம்வரை இழுத்துவிட்டுக்கொண்டார். "நாளைக்கு லீவு போடறேன். அந்த வாஷிங் மெஷினைப் பிரிச்சுடறேன். மனசுக்கு ஆறுதலா இருக்கும்."

மனைவி தம்பியின் கையைப் பிடித்து உலுக்கினாள். "டேய், நீ திறடா! திறந்து கவுத்துடா!"

மைத்துனன் பின்மூடியைத் திறந்து படகைக் கவிழ்த்தான். ஏரியில் பாதி தரையில் கொட்டியது. ஸ்பானர் விழுந்தது. ஒட்டிய இடத்திலிருந்து கழன்று உள்ளே மல்லாந்து கிடந்த சென்சார் ஒயரோடு விழுந்தது. அதன் பின்னால், ஒரு முழ நீளத்துக்கு, இரண்டு பக்கமும் மீசை வைத்த ஒரு கெளுத்தி வழுக்கிக்கொண்டு வந்து, வாசலில் வாலை அடித்தது.

மைத்துனன் பிறந்ததிலிருந்து முதல் தடவையாக வாயடைத்து நின்றான்.

சூப்பிரண்டு துண்டைத் தலையிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். உயரமும் இரண்டு அங்குலம் கூடியிருந்தது.

"பாத்தியாடா? அரை அடி! மெஷின் அப்பவே சொல்லுச்சு. ஓட்டை எதுக்கு, ஓட்டை எதுக்குன்னு எல்லாரும் கேட்டீங்களே, எதுக்குன்னு இப்பத் தெரியுதா? தூண்டில் போட்டு மீனைக் கூப்பிடறவன் நீ. என் படகுக்கு அதுவா வந்து ஏறுது!"

"மாமா..." என்றான் மைத்துனன். மூடி வழியாகப் படகுக்குள் எட்டிப் பார்த்தான்.

"படகு எங்கயும் போகாது. இனிமே வாரா வாரம் ஏரிதான். மழையோ, வெயிலோ!"

"போய்ட்டு வாங்க," என்றாள் மனைவி. அவள் கண்ணில் நீர் கோத்திருந்தது. "சனிக்கிழமையே கூடப் போகலாம். ராத்திரிக்கும் சேத்துச் சாப்பாடு கட்டித் தர்றேன்."

வாசலில் நாலு பேர் கூடிவிட்டார்கள். சூப்பிரண்டு மீனைச் செவுளில் பிடித்துத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். அந்த நேரம் பார்த்து, வியாபாரம் முடிந்து வெறும் கூடையோடு வந்த மீன்காரர் மொபெட்டை நிறுத்தி, ஒரு காலை ஊன்றிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, உயிரோட இருந்தாத்தான் வேணும்னு விடிகாலையில எழுப்பி வாங்கிட்டுப் போனீங்களே, இன்னுமா அதை வெட்டல?"