என் நாற்காலியில் ஆள் இருக்கிறது

கோத்தா திங்கிக்கு அப்பால்,
வெள்ளிக்கிழமை காலை.

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் ஜனாப் ஒலி முகம்மது அவர்களுக்கு, உங்கள் தங்கை நூருன்னிசாவின் கணவன் முகமது இஸ்மாயில் ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்பதும் முறை, கேட்டுவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன். வரும் புதன்கிழமை எங்கள் புக்கிட் மேரா அடுக்குமாடி வீட்டை அந்த ஸ்ரீராம், அனிதா தம்பதிக்கு விற்க, எனக்குப் பதிலாக நீங்கள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டிருந்தேன் அல்லவா? போடாதீர்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், பேனாவையே எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அந்த வீடு கைவிட்டுப் போனால் நான் திரும்பி வருவதற்கு இந்த உலகத்தில் ஒரு கதவு இல்லை.

போனில் சொல்லலாமே என்பீர்கள். இந்த வீட்டில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் வாசல் வராந்தாவில் இருக்கும் என் பிரம்பு நாற்காலி. அதில் நான் உட்கார முடியாது. ஏன் முடியாது என்பதற்குத்தான் இந்தக் கடிதம். பக்கத்து வீட்டு ஹம்சாவின் மகள் தினமும் எல்லைப் பாலம் தாண்டி நம் ஊர் உட்லண்ட்ஸுக்கு வேலைக்கு வருகிறாள், நாளைக்கு அவள் கையில் கொடுத்து அனுப்புகிறேன். வாஷிங் மெஷின் மேல் காகிதத்தை வைத்து நின்றுகொண்டே எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் குற்றம் என்னுடையது. ஊரை விட்டு வெளியே போய் மண்ணில் கால் வைத்து வாழ வேண்டும் என்று இரண்டு வருஷமாக நச்சரித்தவன் நான்தான். மேல் வீட்டில் டிரில், கீழ் வீட்டில் கரவோக்கே, லிஃப்டுக்குள் போனால் விளம்பரத் திரை என்னைப் பார்த்துப் பேசுகிறது என்று புலம்பியதும் நான்தான். "தேக்கா மார்க்கெட்ட விட்டுட்டு எந்தக் காட்டுக்குப் போறது? எனக்கு மீன் யாரு வெட்டிக் குடுப்பா?" என்று உங்கள் தங்கை இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். இன்றைக்கு அவளை இங்கிருந்து கிளப்ப ஒரு கிரேன் வேண்டும். காலையில் செம்பனைத் தோட்டத்துப் பக்கம் பார்த்துக்கொண்டு தானாகச் சிரிக்கிறாள். எதைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று நான் கேட்பதில்லை. பதில் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

இரண்டாவது குற்றமும் என்னுடையதுதான். வீட்டுத் தரகர் யாக்கூப் எங்களை அழைத்து வந்து இந்த வீட்டைக் காட்டிய அன்று இன்னொரு குடும்பமும் பார்க்க வந்திருந்தது. வராந்தாவில் இரண்டு பிரம்பு நாற்காலிகள். முப்பத்திரண்டு வருஷம் உணவங்காடி நிலையத்தில் மேற்பார்வை பார்த்த கை சும்மா இருக்குமா? காற்றோட்டமான நாற்காலியாகப் பார்த்துச் சட்டைப்பையிலிருந்த டிஷ்யூ பாக்கெட்டை எடுத்து அதன் மேல் வைத்துவிட்டுக் கிணற்றைப் பார்க்கப் பின்பக்கம் போனேன். நம் ஊரில் மேசை மேல் ஒரு டிஷ்யூ பாக்கெட் இருந்தால் இடம் பிடித்தாகிவிட்டது என்று அர்த்தம். எவ்வளவு பெரிய மனிதர் வந்தாலும் சூடான தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வேறு மேசை தேட வேண்டியதுதான். நான் திரும்பி வந்தபோது அந்தக் குடும்பம் காரில் ஏறிக்கொண்டிருந்தது. அவர்களும் நம் ஊர்க்காரர்கள், ஈசூன் பக்கம். "சாரி அங்கிள், ஆள் இருக்குன்னு தெரியாது லா" என்று மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்கள். யாக்கூப் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். ஒரு பாக்கெட்டில் வீட்டையே பிடித்துவிட்டேன் என்று எனக்கு அப்போது தலைகால் புரியவில்லை. அந்த வீட்டுக்குள்ளிருந்து வேறொன்றும் அதைக் கவனித்துக்கொண்டிருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் மச்சான், நான்தான் அதற்குக் கற்றுக்கொடுத்துவிட்டேன்.

குடிவந்து இரண்டு வாரம் ஒன்றுமில்லை. மூன்றாம் வாரம் ஒரு காலையில் காப்பியோடு வராந்தாவுக்குப் போனால் என் நாற்காலியில் ஒரு டிஷ்யூ பாக்கெட். என்னுடையது நீலம். இது வெள்ளை, மேலே மல்லிகைப்பூப் படம், படம் வெளுத்துப்போயிருந்தது. குனிந்து முகர்ந்து பார்த்தேன், பெட்டியில் நெடுநாள் மடித்து வைத்த துணியின் வாசம். உங்கள் தங்கையின் வேலை என்று நினைத்து, "இதென்ன நூரு, வீட்டுக்குள்ளயேவா?" என்று கேட்டேன். "நான் ஏன் வைக்கிறேன்? நீங்கதான் ஊர்ப் பழக்கத்த விட மாட்டேங்கிறீங்க" என்றாள். இருவரும் பாக்கெட்டைப் பார்த்தோம், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எடுத்து எறிய வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எப்படி மச்சான் எடுப்பேன்? வைத்த பாக்கெட்டை எடுத்ததால் சூப்புக் கிண்ணம் பறந்ததையெல்லாம் என் கண்ணால் பார்த்தவன் நான். மற்ற நாற்காலி உங்கள் தங்கையுடையது, ஆகவே அன்று முழுக்கத் தூணில் சாய்ந்து நின்றேன். சாயங்காலம் பார்த்தால் காலையில் தடியாக இருந்த பாக்கெட் மெலிந்திருந்தது. சமையலறைக் குப்பைக்கூடையில் கசங்கிய ஒரு தாள், ஈரமாக. நான் அழவில்லை, நூருன்னிசாவும் அழவில்லை, இரண்டு பேருக்கும் சளியும் இல்லை.

அடுத்த வாரம் சாப்பாட்டு மேசையில் என் இடம். நூருன்னிசா மூன்றாவது தட்டு எடுத்து வைத்தாள். என்னடி இது என்றால், "எடம் புடிச்சு வச்ச ஆளு வந்து பாத்தா சாப்பாடு இல்லன்னு சொல்றதா? நம்ம வீட்டுப் பழக்கம் அது இல்லீங்க" என்கிறாள். மீன் ஆணம் அந்தத் தட்டில் ஊற்றிய உடனே ஆறிவிடுகிறது. அப்புறம் கார். பஜாருக்குப் போகலாம் என்று கதவைத் திறந்தால் முன் இருக்கையில் பாக்கெட். உங்கள் தங்கை பின்னால் ஏறிக்கொண்டாள். வண்டி கிளம்பியதும் டிங் டிங் என்று அடிக்க ஆரம்பித்தது, பெல்ட் போடாத ஆள் முன்னால் உட்கார்ந்திருந்தால் அடிக்குமே, அந்தச் சத்தம். ஒரு டிஷ்யூ பாக்கெட்டுக்கு அது அடிக்காது மச்சான், அந்த எடைக்கு அடிக்கவே அடிக்காது. நான் வண்டியை ஓரமாக நிறுத்தி, பிஸ்மி சொல்லி, காலி இருக்கைக்கு பெல்ட்டை இழுத்துப் போட்டேன். சத்தம் நின்றது. "தேங்க்ஸ்னு சொன்னிச்சா?" என்று பின்னாலிருந்து கேட்கிறாள் அந்த மகராசி.

ஹம்சாவின் கதையைக் கேளுங்கள். அவர் இந்தக் கம்பத்தை, இந்தச் சின்ன ஊரை விட்டு வெளியே வாழாதவர், பாக்கெட்டின் சட்டமெல்லாம் அவருக்கு என்ன தெரியும்? போன வாரம் பலாப்பழம் கொண்டு வந்தவர், நான் "ஐயோ, ஐயோ" என்று பதறுவதற்குள் நாற்காலியிலிருந்த பாக்கெட்டை எடுத்து, ஒரு தாளை உருவி வாயைத் துடைத்து, மிச்சத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்துவிட்டார். இடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. எனக்கே வெட்கமாகிவிட்டது. மறுநாள் காலை அதே ஹம்சா புதுப் பாக்கெட் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து, நாற்காலியில் இரண்டு கையாலும் வைத்துவிட்டு, செருப்புக்கூட மாட்டாமல் படியிறங்கினார். துரத்திப் போய்க் கேட்டேன். மலாயில் சொன்னதை அப்படியே தமிழில் எழுதுகிறேன்: "என் வீட்டுல எங்க உக்காந்தாலும் பக்கத்துல யாரோ வந்து நிக்கிறாங்க இஸ்மாயில். ஒண்ணும் பண்றதில்ல. நான் எப்ப எந்திரிப்பேன்னு காத்துக்கிட்டு நிக்கிறாங்க."  பகல் பன்னிரண்டு மணிக் கூட்டத்தில் நாம் வாய்க்குள் கடைசிக் கவளத்தை வைக்கும்போது தட்டோடு வந்து தோளருகே நிற்பார்களே, அதே நிற்பு. அதையும் அது கற்றுக்கொண்டுவிட்டது.

நேற்று மதியம் லுஹர் தொழுதுவிட்டு ஒரு பத்து நிமிஷம் சாயலாம் என்று அறைக்குள் போனேன். என் தலையணையில் வெள்ளைப் பாக்கெட். அதோடு என் பொறுமை தீர்ந்தது. "கிளம்பு நூரு, நம்ம வீட்டுக்குப் போவோம், எனக்குப் பயமா இருக்கு" என்று வெட்கத்தை விட்டுச் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே தலைநிமிராமல் பேசினாள். "முப்பது வருஷமா நாலரைக்குக் கெளம்பிப் போயி இருட்டுனப்புறம் வருவீங்க. நான் பதினோராம் மாடியில செவுத்தப் பாத்துக்கிட்டு கெடந்தேன். அடுத்த வீட்டுக் கதவு தொறந்து ஒரு மொகம் பாத்ததில்ல. இப்பத்தான் வீட்டுல ஒரு ஆள் இருக்குன்னு மனசுக்கு நெறவா இருக்கு." அப்ப நான் ஆள் இல்லையா என்று கேட்டேன். "நீங்க இப்பதானே வந்திருக்கீங்க" என்றாள்.  பாக்கெட்டைவிட அந்தப் பேச்சுக்குத்தான் நான் நேற்று தூங்கவில்லை.

ஆகவே கேட்கிறேன். இந்த வீட்டில் எனக்கு உட்கார இடமில்லை, சாப்பிட இடமில்லை, படுக்க இடமில்லை. ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு வருகிறது. புதன்கிழமை நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால் அங்கேயும் எனக்கு இடமில்லை. அந்த ஸ்ரீராம் தம்பியிடம் மழை பெய்தால் சமையலறை ஒழுகுகிறது என்று சொல்லுங்கள். ஒழுகவில்லை, இருந்தாலும் சொல்லுங்கள், அந்தப் பொய் என் கணக்கில் இருக்கட்டும். அந்தப் பிள்ளை அனிதா கேட்டால் மட்டும் உண்மையைச் சொல்லுங்கள், அவள் முகம் நல்ல முகம். ஒரு கிழவனுக்குப் போக்கிடம் வேண்டியிருக்கிறது என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வாள். பிறகு சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு வந்து என்னை அழைத்துப் போங்கள். உங்கள் தங்கை வந்தால் வரட்டும். வரும்போது முன் இருக்கையில் எதையாவது கனமாக வைத்துக்கொண்டு வாருங்கள்.

ரபியா லாத்தாவுக்கு என் ஸலாம். மருமகள் அஃப்ரீனின் பரீட்சைக்கு இரண்டு பேரும் துஆ செய்கிறோம், குறைந்தபட்சம் இரண்டு பேர். நம் எல்லோருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளையும் நிம்மதியான இருப்பையும் தருவானாக, ஆமீன்.

உங்கள் பிரியமுள்ள மச்சான்,
முகமது இஸ்மாயில்

பி.கு.: இதே வெள்ளிக்கிழமை, மாலை. மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடுங்கள் மச்சான். கிழித்துப் போட்டால் இன்னும் நல்லது. இங்கே தொண்ணூற்று நான்கு வயதுப் பெரியவர் ஒருவர் மௌத்தாகிவிட்டார், ஜும்ஆ முடிந்து ஜனாஸா அடக்கத்துக்குப் போனேன். பள்ளிவாசலுக்குப் பின்னால் மையவாடி, சரிவில், நல்ல காற்று. மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது ரம்புத்தான் மரத்தடியில் காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்தேன். நிழலான இடம். புல் மேல் மல்லிகைப்பூப் போட்ட வெள்ளைப் பாக்கெட்டுகள், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு. காற்று அவ்வளவு அடித்தும் அவை அசையவில்லை. அந்த நல்ல நிழலை விட்டுவிட்டு ஏன் பெரியவரை வெயிலில் வைத்தீர்கள் என்று ஹம்சாவிடம் கேட்டேன். "அங்க ஆள் இருக்கு" என்று சாதாரணமாகச் சொன்னார்.

உங்களுக்குத் தெரியும், நம் ஊரில் மண்ணுக்குள்ளும் தவணைதான். ச்சுவா சூ காங் மையவாடியில் என் வாப்பாவைப் பதினைந்து வருஷம் கழித்துத் தோண்டி எடுத்து மற்றவர்களோடு ஒரே குழியில் சேர்த்து வைத்தபோது பக்கத்தில் நின்றேன். அன்றைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. இன்றைக்கு ரம்புத்தான் மரத்தடியில் தேம்பித் தேம்பி அழுதேன். முப்பத்திரண்டு வருஷம் ஊரார் எல்லாம் ஒருவருக்கொருவர் இடம் பிடித்து வைப்பதைத் தள்ளி நின்று பார்த்தவன் நான். எனக்கென்று யாரும் ஒரு ஸ்டூலைக்கூடப் பிடித்து வைத்ததில்லை. நாற்காலி, தட்டு, கார், தலையணை எல்லாம் என்னிடமிருந்து பறிக்கிறது என்று நினைத்தேனே, பாவி. எனக்கென்று ஓர் இடம் பிடித்து வைக்க, எனக்குப் பிடித்த இடம் எதுவென்று அதற்குத் தெரிய வேண்டியிருந்திருக்கிறது, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து சொன்னேன். "நெழலா இருக்கா?" என்று மட்டும் கேட்டாள் உங்கள் தங்கை. இருக்கிறது என்றேன். "அப்பச் சரி" என்று உலையில் அரிசி போட்டாள்.

ஆகவே புதன்கிழமை மறக்காமல் போய்க் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். சமையலறை ஒழுகவில்லை. சற்றுத் தள்ளி, வேலியோரமாக, மூன்றாவதாக ஒரு பாக்கெட்டும் இருந்தது. அதைப் பற்றி நானாவுக்கு, அவள் அண்ணன் உங்களுக்கு, எழுத வேண்டாம் என்கிறாள் நூருன்னிசா. ஆகவே எழுதவில்லை.