பொம்மையின் வயிற்றில் கேட்ட துடிப்பு

பேய் இல்லை என்று பகலில் அடித்துப் பேசுகிற ஆட்களை நம்பாதீர்கள். நானும் அப்படிப் பேசினவள்தான். ஹாஸ்டலில் யாராவது பயந்தால், "ஏட்டி, செத்தவளுக்கு வேற சோலி இல்லியா?" என்று நக்கலடிப்பேன். அந்த வாய்க்குக் கிடைத்த கூலியைத்தான் இங்கே சொல்கிறேன்.

அப்போது பி.எஸ்சி. நர்சிங் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். மகப்பேறு செய்முறைத் தேர்வு வந்தது. தேறினால் பிரசவம் பார்க்கத் தகுதியுள்ளவள்; தோற்றால் ஆறு மாதம் ஜூனியர் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். மானம் போவதை விடுங்கள் (அது ஏற்கெனவே பாதி போயிருந்தது). மஸ்கட்டில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா, "ஒனக்க படிப்பு முடிஞ்சதும் டிக்கெட் போடுகேன் மக்கா, பின்ன திரும்பிப் போவ மாட்டேன்" என்று சொல்லியிருந்தார். நான் தோற்றால் அவர் இன்னும் ஆறு மாதம் அந்த வெயிலில் கிடக்க வேண்டும். அருமனையில் எங்கள் வீட்டில் அம்மாவோ அவர் வரப்போகிற சந்தோஷத்தில் சுவருக்கு பெயின்ட் அடிக்க ஆள் விட்டுவிட்டாள்.

தேர்வுக்கு முந்தின நாள் மத்தியானம் பயிற்சி அறைக்குத் தனியாகப் போனேன். வராந்தாவின் கடைசியில் இருந்தது அந்த அறை. சுவரோரம் கண்ணாடி ஜாடிகளில், பிறக்காமலே போன பிஞ்சுகள் மருந்துத் தண்ணீரில் கண்மூடிக் கிடக்கும். நடுமேஜையில் எங்கள் சுசீலாக்கா. அக்கா என்றால் ரப்பரில் செய்த வயிறும் தொடையும் மட்டும்தான். தலையும் கிடையாது, காலும் கிடையாது. வயிற்றுக்குள் ஒரு பிள்ளைப் பொம்மை. பேரை எந்த வருஷத்துப் பிள்ளைகள் வைத்தார்களோ, தெரியாது.

மேற்கே மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்து மழை பிடித்தது. கரண்டும் போனது. ஜாடிகள் இருந்த பக்கம் முதுகைக் காட்டி நிற்கவும் மனசில்லை, அவற்றைப் பார்த்து நிற்கவும் மனசில்லை. ஒருச்சாய்ந்து நின்றுகொண்டு, கருவின் இதயத்துடிப்பைக் கேட்கிற குழலை எடுத்தேன். புனல் மாதிரி இருக்கும். அகன்ற வாய் வயிற்றில், மறுமுனை நம் காதில். ரப்பரில் அது வழுக்கியதால் விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்தேன்.

டப். டப். டப்.

நிமிர்ந்தேன். மழைச் சத்தம்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டு மறுபடி காதை வைத்தேன். டப் டப் டப். குழலை நகர்த்தி தொப்புளுக்குக் கீழே வைத்தேன். அங்கும் கேட்டது. நான் பயப்படப் பயப்பட அந்தச் சத்தம் வேகமானது. உள்ளே இருப்பதும் என்னைக் கண்டு பயப்படுகிறதோ என்றிருந்தது. எண்ணிப் பார்த்தேன், நூற்றிருபதைத் தாண்டியது. பாடப்படி பார்த்தால் குழந்தை நல்ல ஆரோக்கியம்.

"ஷீபா!" என்று நான் போட்ட சத்தத்தில் குளச்சல்காரத் தோழி ஓடி வந்தாள். அவளும் குழலைப் பிடித்துக் காதை வைத்தாள். அவள் முகம் வெளிறிப்போனதை அந்த இருட்டிலும் பார்த்தேன்.

"ஏட்டி ஜெமி, இது ஜீவனாக்கும்!"

"மெல்ல பேசு பிள்ளே."

"யாருக்குக் கேட்டுரும்? ஜாடியில கெடக்குததுகளுக்கா?"

அவள் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. ரெண்டு பேரும் திரும்பி ஜாடிகளைப் பார்த்தோம். ஒரு ஜாடியில் தண்ணீர் லேசாக ஆடியது (மேஜையில் இடித்தது என் இடுப்புதான் என்று இப்போது சொல்ல முடிகிறது). செருப்பை விட்டுவிட்டு ஓடினோம். டீச்சரிடம் சொல்லியிருந்தால் அரை நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். பைத்தியம் என்று தேர்வுக்கே விடாமல் போனால்? வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் தேர்வு அதே அறையில். வராந்தா பெஞ்சில், நாங்கள் சோதித்துக் காட்டுவதற்காக வந்த கர்ப்பிணிகள் தங்கள் அம்மாமாரோடு உட்கார்ந்திருந்தார்கள். தேர்வாளர் மதுரைப் பக்கத்திலிருந்து வந்த மேடம். சிலருக்குக் கர்ப்பிணி, சிலருக்குப் பொம்மை; எனக்கு வந்தது சுசீலாக்கா.

"குழந்தையோட துடிப்பைக் கேட்டுச் சொல்லும்மா" என்றார் மேடம்.

பொம்மைக்குத் துடிப்பு கிடையாது என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். குழலைச் சும்மா வைத்துவிட்டு, "நூற்று நாற்பது, சீரா இருக்கு மேடம்" என்று ஒப்பித்துவிட்டு நகர்வதுதான் வழக்கம். நானும் அப்படியே செய்திருக்கலாம். ஆனால் காதை வைத்ததும் குதிரை ஓடுவது போல அடித்தது. "ஏசுவே!" என்று, குனிந்தபடியே ரெண்டு கையையும் மேலே தூக்கினேன்.

சத்தம் நின்றுவிட்டது. காது குழலிலேயே இருக்கிறது, உள்ளே ஒரு மூச்சுப் பேச்சில்லை.

"குழந்தை செத்துப் போச்சு மேடம்!" என்று அலறினேன்.

வராந்தா பெஞ்சே ஒப்பாரி வைத்தது. ஏற்கெனவே உள்ளே கூப்பிடப்பட்டிருந்த ஒரு பெண்ணின் அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தார். "எனக்க பிள்ளைக்க பிள்ளைய என்னட்டி செஞ்சிய?" என்று என் கோட்டைப் பிடித்து உலுக்கினார். எங்கள் டீச்சர் சுவரோடு சுவராக ஒட்டி நின்றார்.

மேடம்தான் அசையவில்லை. நேற்று கேட்ட துடிப்பையும் நான் அவரிடம் உளறிவிட்டேன். "நேத்தும் இப்படித்தான் பிடிச்சியா?" என்று கேட்டார். தலையாட்டினேன். மறுபடி பிடிக்கச் சொன்னார், கேட்டது. கையை எடுக்கச் சொன்னார், நின்றது. "அது உன் விரல்ல ஓடுற நாடிம்மா. குழலை வச்சதும் கையை எடுக்கணும்னு யாரும் சொல்லலையா?"

சொல்லியிருந்தார்கள். பரீட்சைக்கு எழுதியும் இருக்கிறேன்.

வெளியே அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணைக் கூட்டி வந்து படுக்க வைத்தார் மேடம். "இப்ப கேளு. இதுக்குத்தான் மார்க்."

அந்த அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "சிஸ்டர், எனக்க பிள்ளை இருக்கா?"

குழலை வைத்தேன். கையை எடுத்தேன். ஒன்றுமே கேட்கவில்லை. நேற்று கேட்டதை விட இந்த அமைதிதான் என்னைக் கொன்றது. அப்பா, டிக்கெட், மார்க் எல்லாம் மறந்துபோய், ஆண்டவரே கேட்கட்டும் என்று மட்டும் இருந்தது. குழலைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினேன். தூரத்தில், தலையணைக்கு அடியில் வைத்த கடிகாரம் மாதிரி, சின்னதாக, வேகமாகக் கேட்டது. யாருடைய கையும் படாமல் அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

"இருக்கு அக்கா" என்று சொல்லிவிட்டு அவளை முந்திக்கொண்டு நான் அழுதேன்.

தேறினேன். அப்பா வந்தார், திரும்பிப் போகவில்லை. ஷீபா மூலம் விஷயமும் வீடு வந்து சேர்ந்தது. இப்போது நான் பிரசவ வார்டில் இருக்கிறேன். மற்ற வீடுகளில் இன்றைக்கு எத்தனை பிள்ளை பிறந்தது என்று கேட்பார்கள். எங்கள் வீட்டில் நான் படியேறும்போதே அப்பா, "யாரும் செத்துப் போவல்லியே மேடம்?" என்று ரெண்டு கையையும் தூக்குவார். அம்மா அடுக்களையிலிருந்து சிரிப்பாள்.

ஒரு நாள் வார்டில் ஒரு பிள்ளை பிழைக்கவில்லை; அன்றைக்கு அப்பா கேட்டதும் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்பாவின் கைகள் மெல்ல இறங்கின. அம்மா சோறு போட்டாள். மறுநாள் டூட்டி முடிந்து வந்தேன், அப்பா பேப்பரிலிருந்து தலையே தூக்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. அந்தக் கேலி இல்லாமல் வீடு வீடாகவே இல்லை.

மூன்றாம் நாள் வாசலில் நின்று நானே ரெண்டு கையையும் தூக்கினேன்.

"இன்னைக்கு யாரும் சாகல்ல அப்பா. ரெட்டைப் பிள்ளையாக்கும்."


"கொள்ளாம், நல்ல காரியம்" என்றார் அப்பா. முகத்தை மறைத்த பேப்பர் குலுங்கியது, சிரிக்கிறார் என்று தெரிந்தது.